ஆகஸ்டில் பஹாமாஸ்: பயிற்சியா, பிக்னிக்கா?

வாசகர் கேள்வி, 3 ஆகஸ்ட் 2022

மதுரையிலிருந்து எழுதுகிறேன். பையன் இந்த மாதம் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்கிறான். வங்கிக் கடன் வாங்கி அனுப்புகிறோம். அந்தக் காலேஜ் கூடைப்பந்து டீம் அடுத்த வாரம் பஹாமாஸ் தீவுக்குப் போகிறதாம். சீசன் தொடங்குவதோ நவம்பரில். நாங்கள் கட்டுகிற ஃபீஸில் இவர்களுக்குக் கடல் குளியலா? அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், இரவு 10.40

அந்தக் காலேஜ் இருக்கிற லெக்சிங்டனில் பதினோரு வருடமாக இருக்கிறேன், நான் சொல்கிறேன். கவலைப்படாதீர்கள் சார், உங்கள் காசில் யாரும் குளிக்கவில்லை. இந்த டீமுக்கு டி.வி. உரிமை, டிக்கெட், நன்கொடை என்று நாலு பக்கமும் கொட்டுகிறது. இவர்கள் ஆடுகிற ரப் அரீனா அரங்கத்தில் இருபதாயிரம் பேர் உட்காரலாம். நல்ல ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் இடம் பிடிக்கிற மாதிரி.

நேற்றுக்கூட அங்கே போயிருந்தேன். ஆட்டம் இல்லை, பயிற்சிதான். போன வாரம் கிழக்குக் கென்டக்கியில் வெள்ளம் வந்து ஊர் ஊராக அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு நிதி திரட்ட, பயிற்சியை ஜனங்கள் வந்து பார்க்கும்படி திறந்துவிட்டார்கள். டி.வி.யில் நேரலை. ஆகஸ்ட் மாதத்தில் பையன்கள் ஓடி வந்து கூடையில் பந்து போடுவதைப் பார்க்கவே இவ்வளவு கூட்டம் என்றால், பஹாமாஸ் செலவு இவர்களுக்கு வெற்றிலை பாக்குச் செலவு.

ஏன் போகிறார்கள் என்றால், விதியில் ஒரு வழி இருக்கிறது. முறைப்படியான பயிற்சியை முதல் ஆட்டத்துக்கு 42 நாள் முன்னால்தான் தொடங்க முடியும். கோடையில் வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான், அதிலும் கோச் நேரடியாகச் சொல்லித்தருவது பாதி. ஆனால் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் என்று போனால் அதற்கு முன்னால் பத்து நாள் முழுப் பயிற்சி தனியாகக் கிடைக்கும். அந்தப் பத்து நாளுக்காகத்தான் இவ்வளவும். கடல் அதற்கு ஒரு சாக்கு. வருஷா வருஷம் இப்படி எங்காவது போவார்கள்.

4 ஆகஸ்ட், காலை

தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதிவிட்டேன். வருஷா வருஷம் இல்லை, ஒரு டீம் நான்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் போகலாம். இவர்கள் 2010-ல் கனடா, 2014, 2018, இப்போது 2022 மூன்று தடவையும் பஹாமாஸ். கும்பமேளா கணக்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பஹாமாஸ் ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மயாமியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். அவர்கள் டாலரும் அமெரிக்க டாலரும் ஒன்றுக்கு ஒன்று. திரும்பும்போது அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை பஹாமாஸ் தலைநகர் நாஸோ விமான நிலையத்திலேயே முடித்துவிடலாம், இங்கே வந்து இறங்கினால் நேரே வீடு. ரசிகர்களும் குடும்பத்தோடு கூடவே கிளம்பிவிடுகிறார்கள். என் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன் இந்த வருடம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகிறான். கூடைப்பந்து ஆசையா, மாமியார் ஆசையா தெரியவில்லை.

ஆகஸ்ட் என்பது அங்கே புயல் காலம். அதனால்தான் ஹோட்டல் விலையும் குறைவு.

4 ஆகஸ்ட், மாலை

"இந்தியாவில் இப்படி எந்தக் காலேஜ் தீவுக்கு அழைத்துப் போகிறது" என்ற நண்பருக்கு: எங்களை அழைத்துப் போனார்கள். ராமேஸ்வரம். சிரிக்காதீர்கள், அதுவும் வெப்பமண்டலத் தீவுதான்.

ராமநாதபுரம் பக்கம் ஒரு காலேஜ், நான் வாலிபால் டீமில் செட்டர். யுனிவர்சிட்டி மேட்சுக்கு மூன்று வாரம் முன்னால் பி.டி. சார் திடீரென்று "கேம்ப்" என்றார். காலேஜில் கொடுத்த காசு ரயில் டிக்கெட்டுக்கும் இரண்டு நாள் காபிக்கும் சரி. பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது வாசல்படியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கீழே கடல், ஏதோ ஒலிம்பிக்ஸ் போகிற நினைப்பு. தங்கியது ஒரு சத்திரம். பன்னிரண்டு பேருக்கு ஒரு ஹால், ஒரு ஃபேன். காலை நாலரைக்கு விசில். தனுஷ்கோடி போகிற வழியில் ஒரு மணல்வெளியில் கம்பு நட்டு நெட் கட்டினோம். மணலில் குதித்தால் கால் எழும்பவே எழும்பாது. "இங்க ஒரு அடி எழும்பினா அங்க ரெண்டு அடி எழும்புவீங்கடா" என்பார் சார். மதியம் கோயில் அன்னதானம். மூன்றாம் நாள் வரிசையில் பரிமாறுகிறவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "பந்து விளையாடுற புள்ளைங்களா, இன்னொரு கரண்டி வாங்கிக்கோங்க" என்று சாம்பாரை ஊற்றினார்.

ஊருக்கு வந்து முதல் மேட்சிலேயே தோற்றோம். நேர் செட். தரையில் கால் ரொம்ப லேசாகிவிட்டதால் எல்லோரும் நெட்டைத் தொட்டுத் தொட்டு பாயிண்ட் கொடுத்தோம் என்பது சாரின் விளக்கம். இருபது வருடமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

11 ஆகஸ்ட்

முதல் ஆட்டம் நேற்று முடிந்தது. டொமினிகன் குடியரசின் தேர்வு அணியை 108-56. அரைநேரத்திலேயே டி.வி.யை அணைத்துவிட்டேன். இது ஆட்டம் இல்லை, கூடை எண்ணுவது.

2014-ல் இதே நாட்டின் தேசிய அணியிடம் 63-62 என்று ஒரு பாயிண்டில் தோற்றார்கள். அந்த வருடம்தான் கோச் கேலிபாரி ஐந்து ஐந்து பேராக இரண்டு படை வைத்து, ஒரு படை மூச்சு வாங்கும்போது இன்னொரு படையை மொத்தமாக இறக்கிவிட்டுப் பார்த்தார். பின்னால் என்.பி.ஏ. தொழில்முறை ஆட்டத்தில் நட்சத்திரங்களான கார்ல்-ஆன்டனி டவுன்ஸ், டெவின் புக்கர் எல்லாம் அந்த டீமில். எதிரணியில் சம்பளம் வாங்கி ஆடுகிற வயசான ஆட்கள், முழங்கையை எங்கே வைத்தால் அம்பயர் கண்ணில் படாது என்று தெரிந்தவர்கள். (கூடைப்பந்தில் ரெஃப்ரி. கிரிக்கெட் புத்தி போகவில்லை.) அந்தப் பாடம் உறைத்ததோ என்னவோ, சீசனில் வரிசையாக 38 வெற்றி. தேசியப் போட்டியின் கடைசி நான்கில் விஸ்கான்சின் காலேஜிடம் 71-64 தோல்வி. அன்று எங்கள் தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

12 ஆகஸ்ட், மதியம்

டீம் ஜெயித்ததைவிடப் பெரிய செய்தி. கேலிபாரி அங்கே உட்கார்ந்து புது பயிற்சிக்கூடம் வேண்டும் என்று நிருபர்களிடம் பேசும்போது, "இது கூடைப்பந்துக் காலேஜ்" என்று சொல்லிவிட்டார். அலபாமா, ஜார்ஜியா எல்லாம் ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால், நம் ஊர் கால்பந்து இல்லை) காலேஜ், நாம் அப்படி இல்லை என்ற அர்த்தத்தில். அதே காலேஜின் ஃபுட்பால் கோச் மார்க் ஸ்டூப்ஸ் இங்கே ஊரில் வெயிலில் பயிற்சி நடத்திக்கொண்டிருக்கிறார். நாலு வருடமாக, சீசன் முடிந்து நடக்கும் போஸ்ட்சீசன் ஆட்டத்தை ஜெயித்துக் காட்டிய மனிதர். சும்மா இருப்பாரா? அன்றே ட்விட்டரில் குத்தினார்.

கடற்கரையில் சாய்ந்துகொண்டு சின்ன மருமகளைப் புகழ்ந்தால், வீட்டில் அடுப்படியில் நிற்கும் பெரிய மருமகள் பாத்திரத்தை நங்கென்று வைக்கத்தான் செய்வாள்.

12 ஆகஸ்ட், மாலை

"கேலிபாரி சொன்னது உண்மைதானே, எட்டு தடவை சாம்பியன்" என்று நாலு பேர் எழுதிவிட்டீர்கள். உண்மைதான். உண்மையை எங்கிருந்து சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா. மன்னிப்பும் கேட்டாயிற்று, விடுங்கள்.

13 ஆகஸ்ட், காலை

நான் எழுத நினைத்ததே வேறு, ஃபுட்பால் சண்டையில் தள்ளிப்போனது.

ஆஸ்கர் ஷீப்வே என்று ஒரு பையன். காங்கோவில் லுபும்பாஷி என்ற ஊர். போன சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 15 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் தெறிக்கிற பந்தைப் பிடிப்பது), நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதுகள் மொத்தமும் அவனுக்கு. பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போது மற்றவர்கள் மேலே பார்ப்பார்கள், இவன் பார்ப்பதில்லை. இடுப்பால் ஆளை நகர்த்தி இடத்தைப் பிடித்துவிட்டு அப்புறம்தான் நிமிர்வான். வெள்ள நிதிப் பயிற்சியில் ஒரு மணி நேரம் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2021 ஜூலை 1-லிருந்து காலேஜ் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர், படம், புகழை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. விட்டுவிட்டது. என்.ஐ.எல். என்கிறார்கள். உள்ளூர்க் கார் கடை விளம்பரத்தில் வந்தால்கூடக் காசு. இவன் பக்கத்தில் நின்று ஆடுகிற, இவனில் பாதிகூட ஆடாத பையன்களுக்கும் காசு. இவனுக்கு மட்டும் சிக்கல். ஏனென்றால் இவன் இருப்பது எஃப்-1 என்கிற மாணவர் விசாவில்.

இங்கே எத்தனை பேருக்கு வயிற்றில் ஏதோ செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எஃப்-1-ல் இருப்பவன் கேம்பஸுக்கு வெளியே அனுமதி இல்லாமல் வேலை செய்யக்கூடாது. கேமராவுக்கு முன் நின்று "இந்தக் காரை வாங்குங்கள்" என்பதும் வேலைதான். ஆனால் அந்த விதி அமெரிக்க மண்ணில் செய்யும் வேலைக்கு. பஹாமாஸ் அமெரிக்க மண் இல்லை. அதனால் போட்டோ ஷூட், விளம்பரப் படப்பிடிப்பு எல்லாவற்றையும் இந்தப் பயணத்தில் வைத்திருக்கிறார்கள். ஐந்து லட்சம் டாலர் அளவுக்கு ஒப்பந்தங்கள் என்று செய்தி வந்திருக்கிறது. காலையில் பயிற்சி, சாயங்காலம் ஆட்டம், நடுவில் சம்பாத்தியம். டீமில் மற்ற எல்லோருக்கும் இது வெளிநாட்டுப் பயணம். அவன் ஒருவனுக்கு மட்டும் ஆபீஸ் போகிற மாதிரி.

நான் 2007-ல் ஓஹாயோவில் எம்.எஸ். செய்தபோது சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு கழுவினேன். வாரத்துக்கு 20 மணி, மணிக்கு 7 டாலர். கன்வேயரில் தட்டு வந்துகொண்டே இருக்கும். பாதி கடித்த பீட்சாவைத் தள்ளு, கப்பைக் கவிழ், தட்டைச் சொருகு. கையுறைக்குள் வெந்நீர் புகுந்து விரல் நுனியெல்லாம் ஊறவைத்த பாதாம் மாதிரி ஆகிவிடும். ஊரில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி, நம்மாள்தான், "சனி ஞாயிறு வந்து மூட்டை இறக்கு தம்பி, கையில காசா தர்றேன்" என்றார். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. கடன் ஒரு பக்கம், பிடித்தால் நேரே விமானம் என்ற பயம் ஒரு பக்கம். போகவில்லை. போன நண்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு அவன் என்னைவிடப் பெரிய வீட்டில் இருக்கிறான்.

அந்த 20 மணிக் கணக்கில், ஷீப்வேயின் ஐந்து லட்சத்தை நான் எட்ட எத்தனை நாள் ஆகும் என்று நேற்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். அறுபத்தெட்டு வருடம். லீவு எடுக்காமல்.

13 ஆகஸ்ட், மதியம்

திருத்தம் சொன்ன தங்கைக்கு: சரிதான். 20 மணி என்பது வகுப்பு நடக்கும்போது. லீவில் கேம்பஸ் வேலை முழுநேரம் செய்யலாம். ஆக அறுபத்தெட்டிலிருந்து சில வருடங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதுதான் நிம்மதி.

இன்னொருவர், "அவனும் நாமும் ஒன்றா, அவன் கோடீஸ்வரன் ஆகப்போகிறவன்" என்கிறார். ஒன்று இல்லைதான். ஆனால் இருவர் கையிலும் இருப்பது ஒரே காகிதம். அவனுக்கு வக்கீல் இருந்தார்கள். எனக்கு, எங்கள் காலேஜ் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் காத்திருக்கும் நாற்காலி இருந்தது.

14 ஆகஸ்ட்

பஹாமாஸ் பேச்சு வந்ததும் வீட்டில், "உங்க கதைய எழுதிட்டீங்களா?" என்கிறாள். எழுதுகிறேன்.

2009 மார்ச். வசந்த கால லீவு. ஆறு பேர் சேர்ந்து வாடகை வேனில் ஓஹாயோவிலிருந்து மயாமி, அங்கிருந்து நாஸோவுக்குக் கப்பல். மூன்று ராத்திரி. சாப்பாடு இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக. கப்பலில் முதல் ராத்திரி ஆறு பேரும் மூன்று தடவை சாப்பிட்டோம். நாஸோவில் இறங்கி ஜங்கானூ என்கிற அந்த ஊர்த் திருவிழா முகமூடி வைத்திருந்த கடைகளைச் சுற்றி, விலை கேட்டு, வாங்காமல், சங்கு வறுவல் மட்டும் ஆளுக்கு நாலு துண்டு. எனக்கு அது ராமேஸ்வரம் மாதிரியே இருந்தது. அதே உப்புக் காற்று, அதே வெள்ளை வெயில், அதே மாதிரி சங்கு விற்கிறவர்கள். அங்கே ஊதுவார்கள், இங்கே வறுக்கிறார்கள், அவ்வளவுதான்.

திரும்பி மயாமியில் இறங்கியதும் அதிகாரி என் ஐ-20-ஐ, அதாவது காலேஜ் கொடுத்த மாணவர் சான்றுக் காகிதத்தை, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாட்டை விட்டு வெளியே போய் வர, காலேஜ் அதிகாரி அதில் ஒரு கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். லீவுக்கு முன் அலுவலகத்தில் கொடுத்தேன், வாங்கினேன், பிரித்துப் பார்க்கவில்லை. போடவே இல்லை. மற்ற ஐந்து பேரும் அந்தப் பக்கம் போய் நின்று கையாட்ட, என்னை ஓர் அறைக்கு அனுப்பினார்கள். நீல நாற்காலிகள், ஒரு கடிகாரம், போன் பேசக்கூடாது. இரண்டு மணி நேரம். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஐ-515ஏ என்று ஒரு படிவம் கொடுத்து, முப்பது நாளில் கையெழுத்தோடு காகிதத்தை அனுப்பு என்று விட்டார்கள்.

வேனில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. ஜார்ஜியா தாண்டியதும் ஒருவன் மெதுவாக, "மாப்ள, இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா உன் பங்கு பெட்ரோல் காச நாங்க பிரிச்சிருப்போம்" என்றான். அப்புறம்தான் மூச்சு வந்தது.

இதையெல்லாம் வைத்துத்தான் சொல்கிறேன், அந்தப் பையன் தீவில் அத்தனை விளம்பரமும் செய்துவிட்டு நாஸோ விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரி முன் நிற்கும்போது எனக்கு இங்கே வயிற்றைக் கலக்கும்.

15 ஆகஸ்ட்

நாலுக்கு நாலு. மெக்சிகோவின் டெக் தே மான்டெரே, கனடா பல்கலைக்கழகச் சாம்பியன் கார்ல்டன், கடைசியில் பஹாமாஸ் தேசிய அணி. முதல் மூன்றிலும் நூறு தாண்டினார்கள். ஊரில் இப்போதே கோப்பைக்கு அலமாரி துடைக்கிறார்கள்.

2018-லும் இப்படித்தான். நாலுக்கு நாலு, இதுவரை இப்படி ஒரு டீம் வந்ததில்லை என்று பேச்சு. நவம்பரில் முதல் ஆட்டம், எதிரில் டியூக். 118-84. முப்பத்து நாலு பாயிண்டில் தோல்வி. டியூக் அந்த ஆகஸ்டில் போனது கனடாவுக்கு. அன்று ராத்திரி நான், குளிர் ஊருக்குப் போனவன் ஜெயித்தான், கடலில் குளித்தவன் தோற்றான் என்று நாலு பேருக்கு மெசேஜ் அனுப்பினேன். ஆகஸ்டில் கனடாவில் என்ன குளிர் என்று பதில் வந்தது. நியாயம். அந்தச் சீசனில் இரண்டு டீமும் கடைசி எட்டில் ஒரே நாளில் வெளியே போனார்கள், கென்டக்கி ஆபர்னிடம், டியூக் மிச்சிகன் ஸ்டேட்டிடம் ஒரு பாயிண்டில். என் சித்தாந்தம் அத்தோடு செத்தது.

பிக்னிக்கா பயிற்சியா என்று கேட்ட மதுரை சாருக்கு இன்னும் நேர்ப் பதில் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது: ஆட்டங்களால் பெரிய பிரயோஜனம் இல்லை. பத்து நாள் பயிற்சி உபயோகம். அதைவிட, செல்போன் சிக்னலைத் தவிரப் பழக்கமானது எதுவும் இல்லாத ஊரில் பையன்கள் ஒரு வாரம் ஒன்றாகச் சாப்பிடுவது. சத்திரத்து ஹாலில் ஒரு ஃபேனுக்கு அடியில் யார் படுப்பது என்று நாங்கள் போட்ட சண்டையில்தான் எங்கள் டீமே உருவானது. தோற்றோம், அது வேறு.

16 நவம்பர் 2022

இழையை யாரோ மேலே தூக்கிவிட்டிருக்கிறார்கள். ஆமாம், நேற்று மிச்சிகன் ஸ்டேட்டிடம் இரண்டு கூடுதல் நேரம் போய் 86-77 தோல்வி. ஷீப்வேக்கு அக்டோபரில் முழங்காலில் ஒரு சின்ன சிகிச்சை, நேற்றுதான் சீசனின் முதல் ஆட்டம். 22 பாயிண்ட், 18 ரீபவுண்ட். ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே போனபின் டீம் கலைந்துவிட்டது. பஹாமாஸ் டி.வி. பதிவை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் பக்கத்து சீட்டுக்காரன். மாமியார் இன்னும் அங்கே எடுத்த போட்டோவை ஃபேஸ்புக்கில் போடுகிறாராம்.

20 மார்ச் 2023

முடிந்தது. தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்றில் கான்சஸ் ஸ்டேட்டிடம் 75-69 தோல்வி. சீசன் தொடங்கும்போது நாட்டில் நாலாம் இடம் கொடுத்திருந்தார்கள். ஷீப்வே 25 பாயிண்ட், 18 ரீபவுண்ட். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ரீபவுண்ட் மட்டும் 25. இதற்கு மேல் ஒரு பையன் என்ன செய்ய முடியும்?

ஆகஸ்டில் நான் எழுதியதை எல்லாம் மறுபடி படித்தேன். ஒரு வாரம் ஒன்றாகச் சாப்பிட்டால் டீம் உருவாகும் என்று எழுதியிருக்கிறேன். ம்.

9 மே 2023

மதுரை சார் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். பையன் நன்றாகப் படிக்கிறானாம், சாப்பாட்டுக்கூடத்திலேயே வேலை கிடைத்திருக்கிறதாம், தட்டு கழுவுவது இல்லை, கார்டு தேய்க்கிற இடம். பரவாயில்லை, தலைமுறை முன்னேறுகிறது. கோடை லீவில் நண்பர்களோடு பஹாமாஸ் கப்பல் போகலாமா என்று வீட்டில் கேட்கிறானாம், உங்கள் அபிப்பிராயம் என்ன என்கிறார்.

தாராளமாகப் போகட்டும் சார். சங்கு வறுவல் சாப்பிடச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஐ-20-ஐக் காலேஜ் அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, அங்கேயே கவுன்ட்டரில் நின்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது அது இரண்டாம் பக்கத்தில் இருக்கும். என் காலத்தில் மூன்றாம் பக்கம்.